அழிந்ததாக எழுதப்பட்ட ஊர்

பாஸ்டன் பக்கம் குடியேறிய நம் குடும்பங்கள் அக்டோபர் வந்தால் வடக்கே கிளம்பிவிடும். மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் பருவம் அது. நியூ ஹாம்ப்ஷரின் வெள்ளை மலைகளிலும் வெர்மான்டின் மலைச் சாலைகளிலும் கார்கள் வரிசைகட்டி நிற்கும். நானும் அந்தப் பருவத்தில், அதே திசையில்தான் போனேன். மலையில் தங்காமல், கனெக்டிகட் ஆற்றை ஒட்டி மேலேறும் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் எல்லைவரை சென்று, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் பிரான்சிஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஓடனாக் என்ற சிற்றூரைப் பார்க்க வேண்டும். 1759 அக்டோபரில் ஓர் ஆங்கிலப் படைத்தலைவர் அந்த ஊரைக் கொளுத்தினார். குறைந்தது இருநூறு பேரைக் கொன்றதாக எழுதி வைத்தார். அந்த ஊரின் கதை அன்றோடு முடிந்தது என்றே அமெரிக்காவில் பல தலைமுறைகள் நினைத்தன. ஊர் இருக்கிறது. அங்கே ஓர் அருங்காட்சியகமும் ஒரு கல்லூரியும் இருக்கின்றன. அந்த ஊரார் தங்கள் மொழிக்கு எழுதிய நூல்களும் இருக்கின்றன.

அந்த ஊர் அபெனாக்கி மக்களுடையது. விடியலின் நிலத்தவர் என்பது பெயரின் பொருள். வட அமெரிக்கக் கண்டத்தில் சூரியன் முதலில் எழும் கிழக்கு ஓரத்தில் வாழ்ந்ததால் வந்த பெயர். மெய்ன், நியூ ஹாம்ப்ஷர், வெர்மான்ட், மாசசூசெட்ஸின் வடபகுதி, கியூபெக்கின் தென்பகுதி எல்லாம் சேர்ந்ததே அவர்களுடைய தாயகம். பெனாப்ஸ்காட், பாசமகுவாடி, மாலிசீட், மிக்மாக் ஆகிய உறவுக் குடிகளோடு சேர்ந்து வாபனாக்கிக் கூட்டமைப்பாகவும் இருந்தார்கள். 1620இல் பிளிமத்தில் வந்திறங்கிய ஆங்கிலேயர்களின் குடியிருப்புக்குள் அடுத்த மார்ச் மாதம் ஒருவர் தனியாக நடந்து வந்து, ஆங்கிலத்திலேயே வரவேற்புச் சொன்ன கதையை அமெரிக்கப் பிள்ளைகள் அனைவரும் படிக்கிறார்கள். சமோசெட் என்ற அவர் மெய்ன் கடற்கரையிலிருந்து வந்த அபெனாக்கித் தலைவர். அங்கே வந்துபோன மீன்பிடிக் கப்பல்காரர்களிடம் ஆங்கிலம் கற்றிருந்தார். அவர் பெயர் பாடநூலில் இருக்கிறது. அவருடைய மக்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

வெர்மான்டின் பெலோஸ் ஃபால்ஸ் ஊரில் முதலில் இறங்கினேன். கனெக்டிகட் ஆறு இங்கே பாறைகளுக்கு நடுவே குறுகிச் சரிகிறது. இன்று அணைக்கட்டு பெரும்பாலான நீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடுகிறது. முன்பு வசந்தத்தில் சால்மனும், நம் உள்ளம் மீனுக்கு உறவான ஷாட் மீனும் இந்த அருவியை எதிர்த்து ஏறும்போது அபெனாக்கிகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குவார்கள். கரைப்பாறைகளில் மனித முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வட்டத் தலை, இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு வாய். சில தலைகளில் கொம்பு போன்ற கோடுகள். எத்தனை பழமையானவை என்று உறுதியாகச் சொல்வதற்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள். 1930களில் உள்ளூர் மாதர் சங்கம் ஒன்று, மங்கிப்போன கோடுகள் தெளிவாகத் தெரியட்டும் என்று கல்தச்சரை வைத்து அவற்றை மறுபடி செதுக்கச் செய்தது. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்காக மஞ்சள் பெயின்டும் பூசினார்கள். ஆகவே இன்று நாம் காணும் கோடு பழைய கையின் கோடு அல்ல. நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த முகங்களைச் செதுக்கியவர்களின் வழித்தோன்றல்கள் வடக்கே சில மணி நேரத் தொலைவில் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தப் பயணம் முழுவதும் எனக்கு இந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

ஆற்றோடு இன்னும் சற்று மேலே, நியூ ஹாம்ப்ஷர் கரையில் சார்ல்ஸ்டவுன். ஆங்கிலேயக் குடியேற்றத்தின் வட எல்லையாக இங்கே இருந்த மரக்கோட்டைக்கு வெறும் எண்தான் பெயர்: நான்காம் எண் கோட்டை. அதை இப்போது மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். 1754 ஆகஸ்ட் 30 அதிகாலை அபெனாக்கி வீரர்கள் இங்கே சூசன்னா ஜான்சன் என்ற நிறைமாதக் கர்ப்பிணியையும் அவர் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே காட்டுவழியில் பெண் குழந்தை பிறந்தது. ‘சிறைப்பட்டவள்’ என்று பொருள்படும் கேப்டிவ் என்பதையே அதற்குப் பெயராக வைத்தார்கள். ஓடனாக்கில் சூசன்னாவை ஒரு குடும்பம் தங்கள் சகோதரியாக ஏற்றுக்கொண்டது. பின்னாளில், 1796இல் வெளிவந்த தன் நூலில் பசியையும் பயத்தையும் எழுதிய அவர், தன்னைப் பிடித்தவர்கள் காட்டிய பரிவையும் மறைக்காமல் எழுதினார்.

அவரை ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் கதை இன்னும் வியப்பானது. 1697இல் மாசசூசெட்ஸில் சாமுவேல் கில் என்ற சிறுவன் பிடிபட்டு ஓடனாக்குக்குக் கொண்டுவரப்பட்டான். அங்கேயே வளர்ந்தான். அவனைப் போலவே பிடிபட்டு வந்து வளர்ந்த ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்தான். அவர்கள் மகன் ஜோசப் லூயி கில் அபெனாக்கியர்களின் தலைவரானார். உடலில் ஓடிய ரத்தம் முழுக்க ஆங்கிலேயருடையது. பேசிய மொழி, வளர்ந்த வீடு, நின்ற பக்கம் எல்லாம் அபெனாக்கி. ஊர் அவரைத் தன்னவர் என்றது, அவ்வளவுதான். ஒருவர் அபெனாக்கியா இல்லையா என்ற கேள்விக்கு அந்த ஊர் அன்று வைத்திருந்த பதில் இது. பின்னால் கனடா அரசும் வெர்மான்ட் மாநிலமும் இதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு குளறுபடி செய்தன என்பதை நினைத்தால் கில் குடும்பத்தின் மதிப்பு தெரியும்.

நியூ ஹாம்ப்ஷர் கார்களின் எண் பலகையில் ‘சுதந்திரமாய் வாழ், இல்லையேல் மடி’ என்று ஒரு வாசகம் இருக்கும். அதைச் சொன்ன தளபதி ஜான் ஸ்டார்க்கும் 1752இல், இளைஞராக இருந்தபோது, ஓடனாக்கில் கைதியாக இருந்தவர்தான். மீட்புப் பணம் கொடுத்து விடுவிக்கப்பட்டார். ஏழு ஆண்டு கழித்து அந்த ஊரைத் தாக்கப் படை கிளம்பியபோது, தன்னை வீட்டில் வைத்திருந்தவர்கள் மீது கைவைக்க மாட்டேன் என்று அவர் அதில் சேரவில்லை என்கிறார்கள்.

போர்கள் ஏன் வந்தன என்று விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. சுருக்கம் இதுதான்: ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய் 1616 முதல் 1619 வரை கடற்கரைக் குடிகளைச் சூறையாடியது. காலியான நிலத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் பரவினார்கள். வடக்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தைவிட ரோமத்தோல் வியாபாரத்தில் கண்ணாக இருந்ததால் அபெனாக்கிகள் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சண்டை விட்டுவிட்டு நடந்தது. இரு பக்கமும் கொடுமை செய்தது. 1704 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்களும் அபெனாக்கி உள்ளிட்ட அவர்களுடைய கூட்டாளிகளும் டியர்ஃபீல்ட் ஊரைத் தாக்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றார்கள். மெய்னில் இருந்த நாரிட்ஜ்வாக் என்ற அபெனாக்கி ஊரை ஆங்கிலேயர் 1724 ஆகஸ்டில் அழித்தார்கள். அங்கே வாழ்ந்த செபாஸ்டியன் ரால் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஒரு படை அவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்த அபெனாக்கி அகராதியின் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. போர்க்கொள்ளையாகப் போன அந்த அகராதி இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1755 நவம்பரில் மாசசூசெட்ஸ் துணை ஆளுநர் ஸ்பென்சர் ஃபிப்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பெனாப்ஸ்காட் ஆண் ஒருவரின் உச்சித்தோலைக் கொண்டுவந்தால் 40 பவுண்டு. பெண்ணுடையதோ பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவனுடையதோ என்றால் 20 பவுண்டு. அச்சிட்டு ஒட்டப்பட்ட அரசாங்கத் தாள் அது, இன்றும் படிக்கலாம். படித்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போக என்னால் முடியவில்லை.

இப்படி ஆறு ஆறாகத் துரத்தப்பட்டவர்கள் வடக்கே போனார்கள். 1700இல் செயின்ட் பிரான்சிஸ் ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. கனெக்டிகட் சமவெளியின் சொகோகிகளும் மெரிமாக் ஆற்றுப் பெனகூக்குகளும் மெய்ன் நாட்டவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஓடனாக் பல ஊர்களின் எச்சத்தால் ஆன ஊர். அதனால்தான் அமெரிக்க மண்ணின் கதை கேட்க எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

சார்ல்ஸ்டவுனைத் தாண்டி வடக்கே, ஹனோவரில் டார்ட்மத் கல்லூரி இருக்கிறது. பழங்குடி இளைஞர்களின் கல்விக்கு என்று 1769இல் அரச சாசனம் பெற்ற இந்தக் கல்லூரி, அடுத்த இருநூறு ஆண்டுகளில் பழங்குடியினருக்குக் கொடுத்த பட்டங்கள் சொற்பம். ஆனால் அதன் துணைப் பள்ளிக்கு ஓடனாக்கிலிருந்து பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். அவர்களில் ஒருவர் பியர் பால் வ்ஸோகிலான். ஊருக்குத் திரும்பிப் புராட்டஸ்டன்ட் பள்ளி நடத்தி, 1830இல் பாஸ்டனில் அபெனாக்கி வாசிப்புநூல் ஒன்றை அச்சிட்டார்.

அங்கிருந்து வடக்கே, அம்மனூசக் ஆறு கனெக்டிகட்டில் கலக்கும் இடத்தில் சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். ஓடனாக்கைக் கொளுத்திய படைத்தலைவர் ராபர்ட் ராஜர்ஸ்; அவருடைய படை 1759 அக்டோபரில் அங்கிருந்து திரும்பும்போது பட்டினியோடு தள்ளாடி வந்து சேர்ந்த இடம் இது. அவர்களுக்குச் சோறு கொண்டுவந்த ஆட்கள் காத்திருந்து பார்த்துவிட்டுச் சற்று முன்னால்தான் திரும்பிப் போயிருந்தார்கள். ராஜர்ஸ் தெப்பம் கட்டி, நான்காம் எண் கோட்டைக்கு மிதந்து போய் உணவு அனுப்பினார். படையில் பலர் வழியிலேயே செத்தார்கள். பசி தாங்காமல் சிலர் மனித மாமிசத்தைத் தின்றார்கள். அமெரிக்க நினைவில் இந்தத் திரும்பு பயணமே வீரகாவியம். கென்னத் ராபர்ட்ஸ் 1937இல் நாவலாக எழுதினார். 1940இல் ஸ்பென்சர் டிரேசி நடிக்கத் திரைப்படமும் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படை இன்றும் ராஜர்ஸைத் தன் முன்னோராகக் கொண்டாடுகிறது. பசித்தவர்கள் யார் வீட்டை எரித்துவிட்டு வந்தார்கள் என்பது அந்தக் கதையில் ஓரமாகத்தான் வரும்.

எல்லையருகே, வெர்மான்டின் நியூபோர்ட்டில் மெம்ஃப்ரமேகாக் ஏரி. பெரிய நீர்ப்பரப்பு என்று பொருள் தரும் அபெனாக்கிப் பெயர். ஏரியின் தென்முனை அமெரிக்காவில், பெரும்பகுதி கனடாவில். பக்கத்து டெர்பி லைனில் எல்லைக்கோடு ஒரு நூலகத்தின் தரை நடுவே ஓடுகிறது. வருகிறவர்கள் கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அபெனாக்கிகளுக்கு இந்தக் கோடு வேடிக்கை அல்ல. பழங்குடிகள் தடையின்றி எல்லை கடக்கலாம் என்று 1794ஆம் ஆண்டின் ஜே ஒப்பந்தம் சொன்னது. ஆனால் கனடாவில் பிறந்த பழங்குடியினர் அந்த உரிமையைக் கோர வேண்டுமானால் பாதிக்குக் குறையாத பழங்குடி ரத்தம் இருப்பதை நிறுவ வேண்டும் என்கிறது இன்றைய அமெரிக்கச் சட்டம். ஜோசப் லூயி கில் இன்று வந்தால் அவரை விடமாட்டார்கள்.

எல்லைக்கு அப்பால் மலைகள் தாழ்ந்து, டிரம்மன்ட்வில் தாண்டியதும் நிலம் தட்டையாகிறது. சோளக்கொல்லைகள், மாட்டுப் பண்ணைகள், வெள்ளி நிறக் கூரை வேய்ந்த தேவாலயங்கள். பியர்வில் என்ற பிரெஞ்சு ஊரை ஒட்டினாற்போல் ஓடனாக். ஆற்றின் மேட்டுக்கரையில் சில தெருக்கள், மரநிழல், புனித பிரான்சிஸ் டி சேல்ஸ் பெயரில் ஒரு தேவாலயம். பழைய கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்தில் அருங்காட்சியகம். 1965இல் தொடங்கப்பட்டது, கியூபெக்கில் பழங்குடி மக்கள் அமைத்த முதல் அருங்காட்சியகம் இதுதான். வரவேற்பில் இருந்த பெண்மணி ‘க்வாய்’ என்றார். அபெனாக்கியில் வணக்கம். பிறகு பிரெஞ்சில் பேசினார், என் திணறலைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். இந்த ஊரின் மூன்று மொழிகளும் அரை நிமிடத்தில் வந்துபோயின.

1759 அக்டோபர் 4 அதிகாலை இந்த ஊரில் என்ன நடந்தது? ராஜர்ஸ் கணக்கில் சாவு இருநூறு. பிரெஞ்சு ஆவணங்களில் முப்பது, அதில் இருபது பேர் பெண்களும் குழந்தைகளும். ஏன் இவ்வளவு வேறுபாடு என்பதற்கு ஆவணங்களில் விடை இல்லை. விடை ஊரில் இருந்தது. கேட்கத்தான் இருநூறு ஆண்டுகளாக ஆள் வரவில்லை.

வந்தவர் கார்டன் டே. வெர்மான்ட்காரர், காட்டியல் படித்தவர். பழங்குடிகள் காட்டை எப்படிப் பேணினார்கள் என்ற ஆராய்ச்சியிலிருந்து மொழிக்கு இழுக்கப்பட்டு, 1950களில் ஓடனாக்குக்கு வரத் தொடங்கினார். எல்வின் ஒபோம்சாவின் என்ற மூதாட்டி அவருக்கு ஒரு கதை சொன்னார். அவர் அதைத் தன் அத்தையிடம் கேட்டவர். அத்தை தன் பாட்டியிடம் கேட்டவர். அந்தப் பாட்டி 1759இல் இந்த ஊரில் சிறுமி. தாக்குதலுக்கு முந்தைய இரவு ஊர் மன்றத்தில் ஆட்டமும் பாட்டும். ஓர் இளம்பெண் காற்று வாங்க வெளியே வருகிறாள். இருட்டில் ஓர் அந்நியன், பயப்படாதே, நான் நண்பன் என்கிறான். காட்டில் படை காத்திருக்கிறது, விடிந்தால் கொன்றுவிடுவார்கள், போய்ச் சொல் என்கிறான். அவள் உள்ளே ஓடிச் சொல்கிறாள். சிலர் நம்பிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மறைவிடத்துக்குப் போகிறார்கள். சிலர் நம்பவில்லை, ஆட்டம் தொடர்கிறது.

டே இதைக் கதையென்று தள்ளவில்லை, சரித்திரமென்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. அந்நியன் பேசியதாகச் சொல்லப்பட்ட சொற்களை எடுத்துப் பார்த்தார். அவை ஒழுங்கான அபெனாக்கியாக இல்லை; பக்கத்து உறவு மொழியான மஹிகனின் சாயல் தெரிந்தது. ராஜர்ஸின் படையில் ஸ்டாக்பிரிட்ஜ் ஊர் மஹிகன் வீரர்கள் இருந்தார்கள். ஊரின் இன்னொரு மரபுக்கதை அந்த மஹிகன்களில் ஒருவர் சமதாக்விஸ் என்றும் அவர் அந்தச் சண்டையில் இறந்தார் என்றும் சொல்கிறது. ராஜர்ஸின் சொந்த அறிக்கையும் தன் பக்கத்தில் இறந்த ஒரே ஆள் ஸ்டாக்பிரிட்ஜ் வீரர் என்கிறது. பாட்டிகளின் வாய்வழி வந்த அசைகள், படைத்தலைவரின் கணக்கு பொய் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் ஊரில் பெரும்பாலோர் தப்பினார்கள். சாதாரண மக்களின் நினைவை ஒரு சான்றாக எப்படிச் சோதிப்பது, எப்படி மதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

தப்பாதவர்களும் உண்டு. கில்லின் மனைவி மரி ஜான், கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட வழியில் கொல்லப்பட்டார். தேவாலயத்திலிருந்த வெள்ளி மாதா சிலையைப் படையினர் கொண்டுபோனார்கள். திரும்பும் வழியில் எங்கோ தொலைந்த அதை வெள்ளை மலைகளில் இன்றும் சிலர் தேடுகிறார்கள். தொலையாத ஒன்றும் உண்டு. 1699இல் அபெனாக்கிகள் சிப்பிமணிகளால் கோத்து பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துக்குக் காணிக்கையாக அனுப்பிய வாம்பம் பட்டை இன்னும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது கூடைகளின் முன்னால். கறுப்பு ஆஷ் மரத்தை வெட்டி, தோல் உரித்து, கட்டையைக் கோடரியின் பின்புறத்தால் ஓயாமல் அடிப்பார்கள். அடிக்க அடிக்க அந்த மரம் ஆண்டு வளையம் ஆண்டு வளையமாகப் பிரிந்து நீளமான பட்டைகளாக எழும். வேறு மரங்கள் இப்படிப் பிரிவதில்லை. பட்டையைச் சீவி, சாயம் தோய்த்து, மணக்கும் ஒருவகைப் புல்லைச் சடையாகப் பின்னிச் சேர்த்து முடைவார்கள். அடிப்பது ஆண்கள், முடைவது பெரும்பாலும் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஓடனாக்கின் சோறு இதுதான். குளிர்காலம் முழுக்க முடைந்து, கோடையில் குடும்பத்தோடு ரயிலேறி வெள்ளை மலைகளின் சுற்றுலா விடுதிகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் போய் விற்றார்கள். தங்கள் பழைய தாயகத்துக்கே கூடை வியாபாரிகளாகத் திரும்பினார்கள். உலகப் பொருளாதார மந்தம் அந்த வியாபாரத்தை முறித்தது. இப்போது மரத்துக்கே ஆபத்து: ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறத் துளைப்பான் வண்டு 2002இல் மிஷிகனில் கண்டறியப்பட்டது, 2008இல் கியூபெக்குக்கும் 2018இல் வெர்மான்டுக்கும் வந்துவிட்டது. அது புகுந்த இடத்தில் ஆஷ் மரம் தப்புவது அரிது. படைத்தவன் முதலில் கல்லால் மனிதரைச் செய்து, அவர்கள் நெஞ்சு குளிர்ந்திருந்ததால் உடைத்துவிட்டு, ஆஷ் மரத்திலிருந்து மறுபடி படைத்தான் என்பது அபெனாக்கிகளின் தொன்மம். வண்டு தின்பது அந்த மரத்தை.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்கோன்குவியன் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழருக்கு இதில் இரண்டு இடங்கள் சுவாரசியமானவை. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, சேர்க்காத ‘நாங்கள்’ என்ற பிரிவு இவர்களிடமும் உண்டு. கியோனா, நியோனா என்பார்கள். தாயகத்தை அவர்கள் சொல்லும் ந்தகின்னா என்ற பெயரில் இருப்பது ‘நாங்கள்’. திணையும் உண்டு, ஆனால் உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிகிறது. மனிதர் அல்னொன்பா, பன்மையில் அல்னொன்பாக். மரம் அபஸி, பன்மையில் அபஸியாக். மரமும் மனிதரும் ஒரே திணை, ஒரே விகுதி. அந்நியரிடமிருந்து வந்தவற்றை மொழி தன் போக்கில் மாற்றிக்கொண்டது. அமெரிக்கர் பஸ்தோனி, பாஸ்டன்காரர். ஜோசப் சோஸாப் ஆனார், மேரி மாலி ஆனாள், பிரான்சுவா பிளாஸ்வா ஆனார்.

இந்த மொழிக்கு உழைத்தவர்களில் பலர் இந்த ஊர்த் தலைவர்களே. சோஸாப் லோலோ, ஆங்கிலத்தில் ஜோசப் லாரன்ட், 1884இல் அபெனாக்கி - ஆங்கில உரையாடல் நூலை வெளியிட்டார். கடைப் பேச்சு, வானிலை, இலக்கணம், கடைசியில் நியூ இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் பொருள். அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷரின் இன்டர்வேலில் கோடை முகாம் போட்டுக் கூடை விற்கத் தொடங்கினார். அவர் மகன் ஸ்டீபன் லாரன்ட், ஓபரி பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய பிரெஞ்சு - அபெனாக்கி அகராதியைப் பல ஆண்டு உழைத்து ஆங்கிலமாக்கினார். ஹென்றி லோர்ன் மாஸ்டா 1932இல் கதைகளும் இலக்கணமும் எழுதினார். செசில் வாவனோலெட் தன் முதுமையில் ஓடனாக்கிலும் வெர்மான்டிலும் வகுப்பெடுத்தார். டே தொகுத்த பேரகராதி அவர் மறைந்த பின் 1994, 95இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். ஆனால் படிப்பவர்கள் இருக்கிறார்கள்: மிடில்பரி கல்லூரி 2020 முதல் கோடையில் அபெனாக்கிப் பள்ளி நடத்துகிறது, ஓடனாக்கில் 2011இல் திறந்த கியூனா கல்லூரி பழங்குடி இளைஞர்களுக்காகப் பழங்குடிகளே நடத்துவது.

டேக்கு மிகுதியாகச் சொல்லிக்கொடுத்த தியோஃபில் பனாடிஸ் என்ற பெரியவர், தன் உறவினரின் மகளான ஒரு சிறுமிக்கும் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் அலானிஸ் ஒபோம்சாவின். 1932இல் பிறந்தார். ஒன்பது வயதுவரை ஓடனாக்கில் வளர்ந்தார். பிறகு போன நகரத்துப் பள்ளியில் பழங்குடிப் பிள்ளை என்று அடிபட்டவர், கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆவணப்படங்கள் எடுத்தார். 1990இல் கானெசடாகேயில் மொஹாக் மக்களை ராணுவம் சூழ்ந்தபோது தடுப்புக்கு உள்ளே இருந்தே படம்பிடித்தார். 2006இல் தன் ஊரைப் பற்றியே ‘வாபன் அக்கி’ எடுத்தார்.

அந்தப் படத்தின் நெஞ்சில் இருப்பது ஒரு சட்டம். பழங்குடி அல்லாதவரை மணந்த பெண் சட்டப்படியான தன் பழங்குடித் தகுதியை இழப்பாள் என்று கனடாவின் இந்தியர் சட்டம் 1985வரை சொன்னது. ஆணுக்கு அந்த விதி இல்லை. திருத்தத்துக்குப் பிறகும் பெண்வழிப் பேரப்பிள்ளைகள் விடுபட்டார்கள். ஓடனாக்கைச் சேர்ந்த ஸ்டெஃபான் டெஷ்னோ வழக்குத் தொடுத்தார். மணத்தால் தகுதி இழந்தவர் அவருடைய பாட்டி. 2015 ஆகஸ்டில் கியூபெக் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதும் பழங்குடிப் பெண்களின் வழித்தோன்றல்களுக்கு அது பயன்பட்டது.

எல்லைக்குத் தெற்கே கதை வேறு. வெர்மான்டில் 1925 முதல் 1936வரை ஹென்றி பெர்கின்ஸ் என்ற பேராசிரியர் நடத்திய இனமேம்பாட்டு ஆய்வு ஏழைக் குடும்பங்களைத் தரக்குறைவானவர்கள் என்று பட்டியலிட்டது. 1931இல் கருத்தடை அறுவைக்கான சட்டமே வந்தது. 2021இல் மாநிலச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. 1987இல் மிசிஸ்குவாய் ஆற்றில் உரிமமின்றி மீன்பிடித்து நிலவுரிமை கோரியவர்களின் வழக்கில், வரலாற்றின் பாரம் ஏறிக்கொண்டே வந்ததில் அபெனாக்கி உரிமை அற்றுப்போய்விட்டது என்று 1992இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007இல் மிசிஸ்குவாய்க் குழுவுக்கு மத்திய அரசு அங்கீகாரம் மறுத்தது. ஆனால் 2011, 2012இல் வெர்மான்ட் மாநிலம் நான்கு குழுக்களை அபெனாக்கிகள் என்று அங்கீகரித்தது. ஓடனாக்கும் அதன் சகோதர ஊரான வோலினாக்கும் இதை ஏற்கவில்லை. இந்தக் குழுக்களில் பெரும்பாலோர் தங்கள் உறவினர் என்பதற்குச் சான்றில்லை, தங்கள் பெயரில் அவர்கள் பேச முடியாது என்கின்றன. துன்புறுத்தலுக்கு அஞ்சி அடையாளத்தை மறைத்து இங்கேயே வாழ்ந்தோம், காகிதச் சான்று எப்படி இருக்கும் என்பது வெர்மான்ட் குழுக்களின் பதில்.

அந்தப் பதிலில் இருக்கும் வேதனையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் என் தீர்ப்பு ஓடனாக்கின் பக்கம்தான். ரத்த அளவு வேண்டும் என்று அந்த ஊர் அன்று கேட்டதில்லை. கில் குடும்பமே சாட்சி. ஒருவரை எங்களவர் என்று சொல்லும் உரிமையை மட்டும் அது வைத்திருந்தது. கனடாவின் சட்டம் அதைப் பறித்தது. ஓடனாக்கையும் வோலினாக்கையும் கேட்டு முடிவு செய்யாமல் வெர்மான்டும் அதையே செய்திருக்கிறது. அந்த அங்கீகாரத்தை இரண்டு ஊர்களோடும் உட்கார்ந்து மாநிலம் மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

நியூ இங்கிலாந்துக்கு இலை பார்க்கப் போகிறவர்கள், கனடாவில் மொன்றியலில் வாழும் நம்மவர்கள், ஒரு நாள் ஒதுக்கி ஓடனாக்குக்குப் போய்வாருங்கள். மொன்றியலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஜூலைத் தொடக்கத்தில் போனால் ஊர்த் திருவிழாவான பவ்வாவ் நடக்கும். ஆட்டமும் பறையும் கூடைக் கடைகளும் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அருங்காட்சியகத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கூடை வாங்குவதாக இருந்தால் முடைந்தவரின் கையிலிருந்தே வாங்குங்கள்.